‘டாக்டருக்குப் படிக்கிற’ பிள்ளையின் ஒரு செமஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் திருநெல்வேலியில் இருந்தேன். போன வீட்டிலெல்லாம் அல்வாவும் அதே கேள்விகளும் வந்தன. அமெரிக்கா திரும்பினால், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் பெற்றோர்களும் அதையே கேட்கிறார்கள், கொஞ்சம் கவலை சேர்த்து. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் நடுமேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே சொல்வது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடிந்த ஒரே ஒரு செமஸ்டரைப் பற்றி: வகுப்பு, மருத்துவமனையில் தன்னார்வப் பணி, ஆய்வகத்தில் ஆராய்ச்சி, மூன்றும் சேர்ந்தது.

எம்பிபிஎஸ் எத்தனாவது வருஷம்?

ஒன்றாவதுகூட இல்லை. அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், பிறகு நான்கு ஆண்டு எம்.டி. (இங்கே டாக்டருக்கான முதல் பட்டமே இதுதான்), அதன்பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. பள்ளி முடித்தவர்களையே எடுத்து இரண்டு பட்டங்களையும் சேர்த்துத் தரும் திட்டங்கள் சில இருக்கின்றன, ஆனால் இடங்கள் மிகக் குறைவு.

மருத்துவக் கல்லூரிக்கு முந்தைய இந்தத் தயாரிப்பை ப்ரீ-மெட் என்பார்கள், அது பட்டத்தின் பெயரும் இல்லை. மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை முடித்தால் போதும், பட்டம் இசையில் வாங்கினாலும் சரி, வரலாற்றில் வாங்கினாலும் சரி. நான் உயிரியல். அத்தை இதைக் கேட்டுவிட்டு, “அப்போ இப்ப நீ பி.எஸ்சி. பயாலஜியா?” என்றார். ஆமாம் அத்தை, அதுதான்.

எதற்கு இவ்வளவு சுற்று?

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீர்திருத்தம்தான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல, பணம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் தனியார் கடைகள். ஆய்வகமும் கிடையாது, நோயாளியும் கிடையாது. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்ப்போம் என்றது. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 கல்லூரிகளைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். வேதியியல், உயிரியல், இயற்பியல் படித்துவிட்டு வருபவர்களுக்கே மருத்துவம் என்ற ஏற்பாடு அதன்பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது.

அறிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அப்போது கறுப்பினத்தவருக்கென்று இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் தப்பின. அந்த இழப்பின் கணக்கை இன்றும் இங்கே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த செமஸ்டரில் என்னென்ன பாடம்?

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாகம், அதன் செய்முறை வகுப்பு, இயற்பியல், புள்ளியியல், சமூகவியல். மொத்தம் 15 கிரெடிட். சமூகவியல் எதற்கு என்று அப்பாவே கேட்டார். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் உளவியலும் சமூகவியலும் சேர்ந்து ஒரு முழுப் பகுதியாக வருகின்றன. புள்ளியியலை ஒப்புக்குத்தான் எடுத்தேன். கடைசியில் ஆய்வகத்தில் கைகொடுத்தது அதுதான்.

டாக்டருக்கு எதற்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி?

இங்கே பலருடைய டாக்டர் கனவு கலையும் இடம் இந்த வகுப்பு. செப்டம்பரில் உட்கார இடமில்லாத அரங்கில் நவம்பரில் காலை நீட்டி உட்காரலாம். மனப்பாடப் பாடம் என்று நினைத்துதான் நானும் போனேன். முதல் தேர்வில் 58 வாங்கினேன், வகுப்புச் சராசரி 61. வினைகளை ஒவ்வொன்றாக அட்டையில் எழுதி உருப்போட்டிருந்தேன். தேர்வில் அட்டையில் இல்லாத மூலக்கூறுகள் வந்தன. இது கோலம் மாதிரி என்று பிறகு புரிந்தது. ஆயிரம் கோலத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு இழை போகும் என்று தெரிந்தால் புதுக் கோலமும் போடலாம். இங்கே இழை என்பது எலக்ட்ரான்.

எனக்குப் பிடித்த பகுதி, வலது கை இடது கை விவகாரம். சில மூலக்கூறுகள் ஒரே அணுக்களால், ஒரே வரிசையில் ஆனவை, ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். இடது கால் செருப்பையும் வலது கால் செருப்பையும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. கார்வோன் அப்படி ஒரு பொருள். ஒரு வடிவம் நம் வீட்டுப் புதினாவின் வாசனை. அதன் பிம்பம், பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்தில் சேர்க்கிற சதகுப்பையில் இருக்கிறது. மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளும் ஒரு கைப்பக்கம் சாய்ந்தவை என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிகிறது.

சளி, அலர்ஜிக்கு மருந்துக் கடையில் செட்ரிசின் கேட்டால் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் கேட்டால் 5 மில்லிகிராம் கொடுப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? செட்ரிசினில் இரண்டு கைகளும் பாதிப் பாதி கலந்திருக்கும். வேலையைப் பெரும்பாலும் செய்யும் கையை மட்டும் பிரித்து விற்றால் அது லெவோசெட்ரிசின். இதை வகுப்பில் கேட்ட அன்று விடுதிக்கு வந்து என் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன்.

சரி, கடைசியில் மார்க்?

பி பிளஸ். அம்மாவிடம் சொன்ன அன்று போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அறிவியல், கணிதப் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) போட்டுப் பார்ப்பார்கள், அதில் இது இடிக்கும். இடிக்கட்டும். 58இலிருந்து ஏறி வந்தது எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் என்ன செய்தாய்? ஊசி போட்டாயா?

இல்லை. தன்னார்வலர் நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. சனிக்கிழமை தோறும் நான்கு மணி நேரம் ஒரு வார்டில் இருந்தேன். போர்வை சூடாக வைக்கும் அலமாரி ஒன்று உண்டு, அதிலிருந்து போர்வை எடுத்துக் கொடுப்பது, கையுறைப் பெட்டிகளை நிரப்புவது, வழி தெரியாமல் நிற்கும் உறவினர்களை அழைத்துப்போவது, வீட்டுக்குப் போகிறவர்களைச் சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோவது. லிஃப்டுக்குள் நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துப் போக வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் கதவைப் பார்த்தபடி இருப்பார், இறங்கும்போதும் முகம் முன்னால் இருக்கும். சின்ன விஷயம்தான். சுவரை முறைத்தபடி லிஃப்டில் போய்ப் பார்த்தால் தெரியும்.

முதல் நாளே ஒரு தவறு செய்யப் பார்த்தேன். ஒரு பெரியவர் தண்ணீர் கேட்டார். நம் வீட்டில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கம் உண்டா? கோப்பையை எடுத்துவிட்டேன். செவிலியர் கதவைக் காட்டினார். வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்ற அட்டை அங்கே தொங்கியது. அன்று மதியம் அவருக்கு அறுவைச் சிகிச்சை. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்தின்போது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அதன்பிறகு தண்ணீர் என்றாலும் செவிலியரைக் கேட்காமல் தந்ததில்லை.

மொத்தம் 36 மணி நேரம். செமஸ்டர் 15 வாரம்தானே, கணக்கு இடிக்கிறதே என்பவர்களுக்கு அடுத்த பதில்.

சேர்வதற்கு என்ன வேண்டும்?

பொறுமை. விண்ணப்பம், குற்றப் பின்னணிச் சோதனை, தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிச் சான்றுகள், ஃப்ளூ ஊசி, காசநோய்ச் சோதனை, அப்புறம் நோயாளியின் அந்தரங்கம் பற்றிய பயிற்சி. 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. லிஃப்டில்கூட நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசக் கூடாது. எல்லாம் முடிய ஆறு வாரம் ஆனது. அக்டோபரில்தான் வார்டுக்குள் நுழைந்தேன்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: குழந்தையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் தோலில் போடும் காசநோய்ச் சோதனை சும்மாவே வீங்கி, நோய் இருப்பதுபோல் காட்டலாம். ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். பிசிஜி அதைக் குழப்பாது. நான் முதலில் தோல் சோதனை செய்து, கை வீங்கி, நெஞ்சு எக்ஸ்ரே வரை போய் இரண்டு வாரம் வீணாக்கினேன்.

தமிழ் தெரிந்தது உதவியதா?

மொழிபெயர்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஒரு சனிக்கிழமை தமிழ் மட்டும் பேசும் பாட்டி ஒருவர் வந்தார் (ஊர், நோய் எதுவும் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன சட்டம்). ஓடிப்போய் நின்றேன். செவிலியர் என்னை நிறுத்திவிட்டு, திரையில் பேசும் மொழிபெயர்ப்பாளரை இணைத்தார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. தமிழ் தெரிந்த பத்தொன்பது வயது தன்னார்வலர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

முதலில் எனக்குக் கோபம்தான். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். “நெஞ்சு கரிக்குது” என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் புளியேப்பத்தோடு வரும் எரிச்சல். நான் அவசரத்தில் நெஞ்சு வலி என்று சொல்லியிருப்பேனா? “மயக்கமா வருது” என்பது தலை சுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்புவதா? நம் ஊரில் மூன்றுக்கும் அதே சொல். என் ஆச்சி காய்ச்சலுக்கு “மேலுக்கு முடியல” என்பார். மேல் என்றால் உடம்பு என்று திருநெல்வேலிப் பிள்ளைக்குத் தெரியும், மற்றவர்களுக்கு? தெரிந்த மொழி என்ற தைரியத்தில்தான் தப்பு நடக்கும்.

பாட்டியோடு பேசத் தடை இல்லை. காபி அங்கே பச்சைத்தண்ணி மாதிரி இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

சொற்கள் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் போன திசைக்கு எதிர்த்திசையில் வந்த நான், சிறுநீரகவியலுக்கு என்ன சொல் என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சி என்றாயே, புற்றுநோய்க்கு மருந்தா?

புழு. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்று பெயர், நீளம் ஒரு மில்லிமீட்டர். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு. முழு வளர்ந்த புழுவின் உடலில் 959 செல்கள், அதில் 302 நரம்பு செல்கள், எண்ணி வைத்திருக்கிறார்கள். 1960களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதைத் தேர்ந்தெடுத்தார். 2002இல் அவருக்கும் ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1993இல் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற ஒற்றை மரபணுவில் மாற்றம் வந்தால் இந்தப் புழு இரண்டு மடங்கு நாள் வாழ்கிறது என்று காட்டியது. முதுமையைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு அது ஒரு காரணம்.

என் வேலை, சாவை எண்ணுவது. அகர் என்ற கூழை ஊற்றி உறையவைத்த தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, அதன்மேல் புழுக்களை விடுவோம். பாக்டீரியாதான் சாப்பாடு. ஒரு தட்டில் சாதாரண பாக்டீரியா. இன்னொன்றில், தின்றால் புழுவின் குறிப்பிட்ட ஒரு மரபணு அடங்கிப்போகும்படி மாற்றப்பட்ட பாக்டீரியா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நுண்ணோக்கி வழியே ஒவ்வொரு புழுவையும் பிளாட்டினக் கம்பியால் மெதுவாகத் தொட வேண்டும். அசைந்தால் உயிர். அசையாவிட்டால் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டையிடும் நாட்களில் தினமும் தாய்ப் புழுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு புழு 300 முட்டை வரை இடும், மூன்று நாளில் குஞ்சும் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாள் தவறினால் யார் தாய், யார் பேத்தி என்றே தெரியாது. புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நவம்பரில் நன்றி நவிலும் நாளும் கிடையாது. கூட்டாளிகள் எல்லோரும் வீட்டுக்குப் போன அந்த வியாழக்கிழமை நானும் புழுக்களும்தான்.

என்ன கண்டுபிடித்தாய்?

தட்டின் மூடியில் எழுதக் கூடாது, அடிப்பாகத்தில்தான் எழுத வேண்டும் என்று கண்டுபிடித்தேன். முதல் சுற்றின் பதினாறாவது நாள், அடுக்கைத் தூக்கும்போது கைதவறிச் சரிந்தது. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடிகள் உருண்டன. எது எந்தத் தட்டின் மூடி? என் எழுத்தெல்லாம் மூடியில். முதல் நாளே ஆய்வக அக்கா சொல்லியிருந்தார், முனைவர் பட்ட மாணவி, நான்கு வருஷமாகப் புழுவோடு இருப்பவர். அவர் திட்டவில்லை, ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினார். மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாவது சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டு கூட்டங்களின் ஆயுளையும் புள்ளியியல் வகுப்பில் படித்ததை வைத்து ஒப்பிட்டேன். குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த மரபணுவை அடக்கினால் புழு கூடுதலாகவும் வாழவில்லை, குறைவாகவும் வாழவில்லை. பேராசிரியர் “நல்லது, அடுத்த மரபணு” என்றார். பட்டியலில் இன்னும் நாற்பது சொச்சம் இருக்கின்றன.

ஆய்வகத்தில் இடம் எப்படிக் கிடைத்தது? யாரையாவது தெரியுமா?

தெரியாது. கோடையில் பதினான்கு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். முதல் பத்தும் ஒரே கடிதம், பெயரை மட்டும் மாற்றியது. ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பிறகு நான்கு பேருடைய கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, புரியாத ஒரு இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதினேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் வரச் சொன்னார். முதல் மாதம் முழுக்கத் தட்டு ஊற்றுவதும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவதும்தான். சம்பளம் கிடையாது.

மூன்றையும் எப்படிச் சமாளித்தாய்?

சமாளிக்கவில்லை. வகுப்பும் செய்முறையும் வாரம் 18 மணி நேரம், படிப்பு இருபதுக்கு மேல், புழு 9, மருத்துவமனை 4. கூட்டிப் பார்த்தால் முடியும் போலத்தான் இருக்கும். ஆனால் மணிகளை இஷ்டம்போல நகர்த்த முடியாது. வேதியியலை இரவு பதினொன்றுக்குப் படிக்கலாம். புழுவை நினைத்த நேரத்தில் எண்ண முடியாது. சனிக்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை வார்டுக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. முதலில் நகராததை எழுதிவிட்டு மிச்சத்தில் மற்றதைப் போட வேண்டும் என்று அக்டோபர் கடைசியில்தான் உறைத்தது. அதற்குள் பரதநாட்டிய வகுப்பை நிறுத்தியிருந்தேன். இப்போதும் அதுதான் தப்பான முடிவு என்று தோன்றுகிறது. வரும் செமஸ்டரில் சமூகப் பணிக் குழு ஒன்றை விட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்புகிறேன்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இடைவெளியோடு சேர்த்து 700 எழுத்து. பதினைந்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் அதற்காகவே ஓடுகிறார்கள். ஒரே சங்கத்துக்கு மூன்று துணைத் தலைவர்கள் இருப்பது இதனால்தான்.

எம்கேட் எப்படி?

இன்னும் எழுதவில்லை. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண், மொத்தம் 472 முதல் 528. நடு 500 வாக்கில். இடைவேளையோடு ஏழரை மணி நேரம். நீட் போல இதன் ரேங்கை வைத்து மட்டும் இடம் தருவதில்லை. நல்லதா கெட்டதா என்று கேட்டால், பணமும் தொடர்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியும் அனுபவமும் சுலபமாகக் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“ஊருக்கு வா, என் கிளினிக்கில் தையல் போடச் சொல்லித்தரேன்” என்கிறார் மாமா. செய்யலாமா?

வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கலாம், நோயாளி சம்மதித்தால். இங்கே செய்ய அனுமதியில்லாத வேலையை வெளிநாட்டில் செய்துவிட்டு வந்து விண்ணப்பத்தில் எழுதினால் பாராட்டு கிடைக்காது, கேள்விதான் வரும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதைப் பற்றி மாணவர்களுக்கு வெளிப்படையாகவே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. சங்கத்தை விடுங்கள், அந்தத் தையல் யார் தோலில்?

செலவு எவ்வளவு?

மருத்துவப் படிப்புக்கு மட்டும், தங்கும் செலவும் சேர்த்தால், பல தனியார் கல்லூரிகளில் நான்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலரைத் தாண்டும். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018இலும், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ரூத் காட்டெஸ்மன் தந்த நூறு கோடி டாலர் நன்கொடையால் 2024இலும் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தன. அந்த இரண்டு பெயரையும் எல்லா மாமாக்களும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கடன்தான். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது.

என் பையன் மாணவர் விசாவில் வந்து இதையே செய்யலாமா?

மிகக் கடினம். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான், அவற்றிலும் சில முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே காட்டச் சொல்லும். எனக்குப் பச்சை அட்டை (கிரீன் கார்டு) இருந்தது. டாக்டராகத்தான் வர வேண்டும் என்றால் ஊரில் எம்பிபிஎஸ் முடித்து, இங்கே உரிமத் தேர்வு எழுதி ரெசிடென்சிக்கு வருவதுதான் நம்மவர்கள் வழக்கமாக வரும் பாதை.

இடம் கிடைக்காவிட்டால்?

நடக்கக் கூடியதுதான். 2023இல் சுமார் 52,500 பேர் விண்ணப்பித்தார்கள், சேர்ந்தவர்கள் 23,000க்குச் சற்றுக் குறைவு. மறுபடி விண்ணப்பிப்பேன். அதுவும் இல்லை என்றால் புழு இருக்கிறது. கிண்டல் இல்லை, ஆய்வக அக்காவின் வேலை எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லேன்?

பெரியப்பா, இந்தக் கேள்வி உங்களுடையது. அந்த ரிப்போர்ட்டில் எனக்குப் புரிந்தது உங்கள் பெயரும் வயதும்தான், வயதையும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய்க் கேளுங்கள்.